நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணீர், வயிற்றுக்குக் கோதுமை ஆகாது: எதைக் கேட்பது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 34. இரண்டு வருடமாக அடிவயிற்றில் வலி, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம், ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. யூரின் கல்ச்சர் எத்தனை தடவை எடுத்தாலும் கிருமி இல்லை என்றே வருகிறது. சிறுநீர் டாக்டர் 'இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ்', அதாவது கிருமி இல்லாமலே நீடிக்கிற சிறுநீர்ப்பை வலி நோய், என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது, மறுநாள் சிறுநீர்ப்பை வலியும் கூடுகிறது. குளூட்டன்தான் காரணமா, கோதுமையை இன்றைக்கே நிறுத்திவிடலாமா, மாமியார் அன்போடு தினமும் ஒரு சொம்பு பார்லித் தண்ணீர் கொடுக்கிறாரே அதை என்ன செய்வது, இதுதான் கேள்வி.

முதலில் பார்லி. நம் ஊரில் நீர்க்கடுப்பு என்று வாயைத் திறந்தால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது பார்லித் தண்ணீரைத்தான். ஆனால் குளூட்டன் என்கிற புரதக் கூட்டம் இருப்பது கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில். ரை நம் பக்கம் கிடையாது, மற்ற இரண்டும் நம் அடுப்படியில் இருக்கின்றன. அதாவது சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் பார்லித் தண்ணீர் குடிப்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. நானும் ஒன்றரை வருடம் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக் கொடுக்கிறவளுக்கே தோன்றவில்லை என்றால் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் டாக்டர் இல்லை. இந்தச் சிறுநீர்ப்பையோடு 12 வருடம், கோதுமை ஒத்துக்கொள்ளாத வயிற்றோடு அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் என் தகுதி. அதை வைத்துக்கொண்டு சொல்கிறேன்: இன்றைக்கே கோதுமையை நிறுத்தாதீர்கள். பரிசோதனைக்கு முன்னால் நிறுத்தினால் பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் சொல்வதில் மூன்று வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று சீலியாக் நோய். குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் சுவரையே தாக்குவது. இரண்டாவது கோதுமை அலர்ஜி, தடிப்பு, மூச்சுத் திணறல் என்று சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, இந்த இரண்டும் இல்லாமல் கோதுமை சாப்பிட்டால் மட்டும் உப்புசம், வலி, மந்தம் வருவது. இந்த மூன்றாவதற்கு ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, முதல் இரண்டையும் இல்லை என்று தள்ளிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர முடியும். சீலியாக்குக்கு டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐஜிஏ (ரத்தத்தில் இருக்கிற ஒருவகை எதிர்ப்புப் புரதம்) அளவு, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியில் சிறுகுடல் சதைத் துணுக்கு. மொத்த ஐஜிஏ எதற்கு என்றால், சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவாக இருக்கும், அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டும். இது எல்லாமே நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகத் தெரியும். ஏற்கனவே நிறுத்தியிருந்தால் திரும்ப ஆறு வாரமாவது தினமும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். நான் அவசரப்பட்டு நிறுத்திவிட்டு, வலியோடு ஆறு வாரம் சப்பாத்தி தின்றவள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சீலியாக் நம் பக்கம் அபூர்வம். 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 100 பேருக்கு 1.23 என்றும், தெற்கே 0.10 என்றும் வந்தது. நாம் அரிசி தின்கிற கூட்டம், அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அபூர்வம் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. ரத்தசோகை மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை, அடிக்கடி பேதி, எடை குறைகிறது, வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் கட்டாயம் பாருங்கள். ஏனென்றால் சீலியாக் என்றால் வாழ்நாள் முழுக்க ஒரு துளி கூடாது, மூன்றாவது வகை என்றால் அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. இந்த வித்தியாசம் உங்கள் சமையலறையையே மாற்றும்.

அப்புறம், குளூட்டன்தான் சிறுநீர்ப்பை நோய்க்குக் காரணமா? அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. கோதுமையை விட்டதும் குணமானேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், விட்டும் ஒன்றும் மாறாதவர்களும் இருப்பார்கள், அவர்கள் பேசுவதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. இந்தச் சிறுநீர்ப்பை நோய் இருக்கிறவர்களில் நிறையப் பேருக்குக் குடலும் சேர்ந்து தகராறு செய்கிறது. குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புகள் இடுப்புக்குள் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்று கத்தினால் மற்றதும் விழித்துக்கொள்ளும். வாயு அடைத்தாலோ மலச்சிக்கல் வந்தாலோ பின்னாலிருந்து சிறுநீர்ப்பையை அழுத்தும். உங்களுக்குச் சப்பாத்தி தின்ற மறுநாள் வலி கூடுவது அந்த வழியாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எனக்கு அப்படித்தான்: பரோட்டா சாப்பிட்டால் மறுநாள் மலச்சிக்கல், அதற்கு மறுநாள் நீர்க்கடுப்பு. மலச்சிக்கலைச் சரிசெய்ததிலேயே பாதி வலி போனது.

இன்னொரு திருப்பமும் உண்டு. கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃபிரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்தும் இருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவைக் கிளப்பும். 2018-இல் நார்வேயில் 59 பேருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள், குளூட்டன் கொடுத்தபோது இருந்ததைவிட ஃபிரக்டான் கொடுத்தபோது தொந்தரவு கூடுதலாக வந்தது. அதே ஃபிரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. ஆகையால் ஒரு கேள்வி: கறிதோசையில் கிடக்கிற சின்ன வெங்காயமும் உங்களுக்கு வயிற்றை ஊதுகிறதா? ஊதினால் குளூட்டன் மீது வீண் பழி போட்டுக்கொண்டிருக்கலாம்.

சரி, சிறுநீர்ப்பை பக்கம். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்பது மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு வைக்கிற பெயர். ஆறு வாரத்துக்கு மேல் வலி, அடிக்கடி போகவேண்டியிருப்பது, கிருமி இல்லாதது. எனக்கு முதல் மூன்று வருடம் கல்ச்சர் ரிசல்ட் வருவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் எழுதிவிடுவார்கள், எத்தனை கோர்ஸ் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன், வயிறு கெட்டதுதான் மிச்சம். உங்கள் ரிப்போர்ட்டில் ஒன்றைப் பாருங்கள்: சீழ் அணுக்கள் நிறைய இருந்து, கல்ச்சரில் மட்டும் ஒன்றும் வளரவில்லையா? அப்படியென்றால் நம் நாட்டில் சிறுநீர்ப் பாதைக் காசநோயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாதாரண கல்ச்சரில் அந்தக் கிருமி வளராது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். நம் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையிலேயே யூராலஜி பிரிவு இருக்கிறது, பணம் பெரிய கவலை என்றால் அங்கே போகலாம். உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும்போது சிலருக்கு மட்டும் ஹன்னர் புண் என்ற சிவந்த திட்டு தெரியும், 1915-இல் கை ஹன்னர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வைத்தது. அது இருந்தால் வைத்தியமே வேறு, அதைச் சுட்டாலோ அங்கே மருந்து போட்டாலோ நல்ல குணம் கிடைக்கிறது. காய்ச்சலோடு விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீரே போகாமல் அடைத்துக்கொள்வது, இதில் எது வந்தாலும் உணவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இனிமேல்தான் உண்மையான தலைவலி. இரண்டு பத்தியமும் ஒன்றையொன்று இழுக்கும். குளூட்டன் இல்லாமல் சாப்பிட நம்மிடம் என்ன கிடைக்கும்? புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம். மூன்றும் சிறுநீர்ப்பைக்கு ஆகாத பட்டியலில் முதல் வரிசை. புளிப்பு, காரம், டீ, காபி, தக்காளி, எலுமிச்சை வகைகள், சோடா, வினிகர், வைட்டமின் சி மாத்திரை, இவைதான் பெரும்பாலானவர்களுக்கு எரிச்சலைக் கிளப்புவது. ரசத்தை நினைத்துப் பாருங்கள்: புளி, தக்காளி, மிளகு, மேலே பெருங்காயம். ஒரே கரண்டியில் நாலு பேரும் நிற்கிறார்கள். பெருங்காயம் எங்கே வந்தது என்கிறீர்களா? கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. கீழமாசி வீதியில் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறதில் எதுவும் எழுதியிருக்காது. சீலியாக் என்றால் அதைத் தொடவே வேண்டாம். மூன்றாவது வகை என்றால் ஒரு சிட்டிகைப் பெருங்காயத்துக்குப் பயந்து கல்யாண வீட்டுச் சாம்பாரை விடாதீர்கள், நான் விடுவதில்லை.

புளி இல்லாத குழம்பு நம்மிடம் இல்லையா என்ன. பொரிச்ச குழம்பு, பாசிப்பருப்புக் கூட்டு, சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணிக்காய் எதுவாக இருந்தாலும் தேங்காய் சீரகம் அரைத்துவிட்டால் போதும். எலுமிச்சை பிழியாத சொதி. காலைக்கு இடியாப்பமும் தேங்காய்ப் பாலும். இட்லி எனக்குத் தொந்தரவு செய்ததில்லை, ஆனால் மாவு மூன்றாம் நாள் புளித்துவிட்டால் செய்கிறது. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. கம்மங்கூழ் மட்டும் புளித்தது, அதற்குப் பதில் அன்றன்றைக்குக் காய்ச்சிய கம்பங்கஞ்சி. ஊரில் யாராவது கஞ்சி என்றால் நோயாளி உணவு என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், நோயாளிதானே நாம்.

மாவு மில்லில் ஒரு விஷயம். கேழ்வரகைக் கொண்டுபோய்க் கொடுத்தால், முன்னால் அரைத்த கோதுமையின் மிச்சம் முதல் ஒரு கிலோவில் வந்துவிடும். சீலியாக்காரர்கள் வீட்டிலேயே அரைத்துக்கொள்வது நல்லது. பெயர்களும் ஏமாற்றும்: ரவை என்பது கோதுமைதான், ரவா தோசையும் கேசரியும் அதில் அடக்கம். கேழ்வரகு சேமியா பாக்கெட்டில் பல கம்பெனிகள் மைதாவோ கோதுமையோ சேர்க்கின்றன. ராகி மால்ட் என்று வீட்டில் காய்ச்சுவது வெறும் கேழ்வரகு, அதில் பயமில்லை, ஆனால் ஹார்லிக்ஸ் போன்றவற்றில் வரும் மால்ட் பார்லியிலிருந்து வருவது. பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று போட நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அந்த பிரெட்டும் பிஸ்கட்டும் விலை அதிகம், வினிகர், சிட்ரிக் ஆசிட் சேர்த்திருந்தால் வயிற்றுக்கு நல்லது சிறுநீர்ப்பைக்குக் கெட்டது என்றாகிவிடும். எனக்கு அது வீண் செலவாகத்தான் பட்டது.

ஹோட்டலில் சாப்பிட்டால் ராத்திரியைவிடக் காலை பாதுகாப்பு. சாயங்காலமானால் பல கடைகளில் தோசையும் பரோட்டாவும் ஒரே கல்லில் ஓடும். "அண்ணே, தோசைக்குத் தனிக் கல்லா?" என்று கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் சொல்லிவிடுவார்கள். தெருவில் கிடைப்பதில் எனக்கு ஆறுதல் பருத்திப்பால்தான். பருத்தி விதைப் பால், அரிசி மாவு, வெல்லமோ கருப்பட்டியோ. சுக்கு தூக்கலாகப் போடுகிற கடையை மட்டும் தவிர்த்துவிடுவேன்.

டீயை விடுவதுதான் எனக்குப் பரோட்டாவை விடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரேயடியாக நிறுத்தினால் நாலு நாள் தலை வெடிக்கும், இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, அப்படிச் செய்தால் எது குற்றவாளி என்று ஒருநாளும் தெரியாது, பயந்து பயந்து கடைசியில் வெறும் சோறும் மோரும் தின்று மெலிந்துபோவீர்கள். பரிசோதனை முடியட்டும். பிறகு கோதுமையை வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே, டீ, புளிப்பு, காரம் மூன்றையும் மட்டும் மூன்று வாரம் நிறுத்துங்கள். ஒரு நோட்டில் எத்தனை தடவை போனீர்கள், வலி பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள், முடிந்தால் அளவுக் குவளையில் அளந்து. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை கொள்ளும், நமக்கு 100-க்கே அவசரம் வரும், அந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக, மூன்று நாளுக்கு ஒன்று என்று திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு கோதுமையின் முறை: ஒரு மாதம் நிறுத்தி, திரும்பக் கொண்டுவருவது. இதை நாமே செய்தால் மனசு ஏமாற்றும். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் கேழ்வரகு அடையில் கோதுமை மாவு கலந்தும் இன்னொரு வாரம் கலக்காமலும் சுட்டுக் கொடுத்தார், எது எந்த வாரம் என்று என்னிடம் சொல்லவில்லை. என் நோட்டு சரியாகக் கண்டுபிடித்துவிட்டது, கூடவே அவருக்கு அடை சுடத் தெரியாது என்பதும் தெரிந்தது. சீலியாக் என்று உறுதியானவர்கள் இந்த விளையாட்டெல்லாம் ஆடக் கூடாது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். அடிக்கடி போகவேண்டியிருக்கிறதே என்று குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரியும், மதுரை சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். ஒரே மூச்சில் ஒரு சொம்பு வேண்டாம், அரை டம்ளராக நாள் முழுக்க. அதேபோல அடக்கவும் கூடாது. ஒரு வருடம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய், ராத்திரி இரண்டு மணியிலிருந்து கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, அடக்கி அடக்கி, தாகத்துக்கு யாரோ கொடுத்த எலுமிச்சை பிழிந்த பானகத்தை வேறு குடித்துவிட்டு, அடுத்த பத்து நாள் படுத்த படுக்கை. இப்போது டிவியில் கும்பிட்டுக்கொள்கிறேன். வெளியூர் என்றால் பஸ் இல்லை, ரயில்தான். சென்னைக்கு வைகையில் போனால் பாத்ரூம் பக்கத்து சீட்டாகப் பார்த்துக் கேட்டு உட்கார்ந்துவிடுவேன்.

மருந்தைப் பற்றி இரண்டே விஷயம். அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால் மெடிக்கல் ஷாப்பிலோ சொந்தக்காரர்களோ 'இது மன நோய் மாத்திரையாச்சே' என்பார்கள். குறைந்த அளவில், பெரும்பாலும் 10 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள், நரம்பு வலியை அடக்கத்தான். ஆனால் மலச்சிக்கல் தரும், நமக்கு அது ஆகாது என்று டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பென்டோசான் என்ற மாத்திரை கொடுத்தால் கண் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், வருடக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு அங்கே பாதிப்பு வந்திருக்கிறது. இன்னொன்று, மருந்தில் சேராது: இடுப்புத் தசையை இறுக்கிப் பிடிக்கும் கெகல் பயிற்சியை யார் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். வலி உள்ளவர்களில் பலருக்குத் தசை ஏற்கனவே இறுகித்தான் கிடக்கும், அதைத் தளர்த்தத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் வேண்டும்.

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளை, நெருஞ்சில் கஷாயம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அவை நீரைப் பெருக்குகிறவை, கல்லுக்குச் சொல்லப்படுபவை. நமக்குக் கல் இல்லை, இருபது தடவை போகிறவளை முப்பது தடவை போகவைத்து என்ன பயன்.

மாமியாருக்கு வருவோம். என் அத்தையிடம் நான் குளூட்டன் என்று ஆரம்பித்தபோது "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது" என்று முடித்துவிட்டார். பிறகு ஒருநாள் வேறு மாதிரி சொன்னேன்: "அத்தை, பார்லியும் கோதுமையும் பங்காளிங்க. டாக்டர் கோதுமை ஒத்துக்குதான்னு பார்க்கச் சொல்லியிருக்காரு, அதுவரைக்கும் பங்காளியும் வேண்டாமே. உடம்புச் சூட்டுக்கு நீங்களே வேற ஏதாச்சும் சொல்லுங்க." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சி என்றார். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவு, குளூட்டன் இல்லை, புளிப்பில்லை, குடலுக்கும் லேசு. பரிசோதனையெல்லாம் முடிகிற வரைக்கும் நீங்கள் பார்லியைக் குடித்துக்கொண்டே இருக்கலாம், உண்மையில் அது உதவியே செய்யும். ரிசல்ட் வாங்கிய அன்று சாயங்காலம் மாமியாரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்.